இருநூற்று முப்பது வோல்ட், பூஜ்யம் ஆம்பியர்

ஜூன் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றைய படகில் வந்தது. அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் அடிக்கடி கூவிவிட்டு நின்றுபோகிறது என்று நாலே வரி. மிச்சப் பக்கம் முழுக்க நான் சாப்பிடுகிறேனா, சளி பிடித்ததா என்ற விசாரணை. முக்கியமானதை ஓரத்தில் எழுதுவது உனக்குப் பழக்கமாகிவிட்டது.

இங்கே கலங்கரை விளக்கத்தின் மின்சாதனங்களைப் பார்த்துக்கொள்கிற எனக்கு, அங்கே ஒரு மிஷின் ஏன் நிற்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆனால் கண்ணால் பார்க்காமல் சொல்ல முடியாது. அதனால் இத்துடன் ஒரு மீட்டர் அனுப்புகிறேன். கொழுத்த பிளக் மாதிரி இருக்கும். சுவரில் செருகினால் அதன் திரையில் இரண்டு எண்கள் வரும். மேலே இருப்பது வோல்ட், கீழே இருப்பது ஆம்பியர். இரண்டையும் எழுதி அனுப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். மீட்டரைச் செருகுவதற்கு முன்னால் அப்பாவின் மிஷினைக் கழற்றிவிடு. ஃப்ரிட்ஜ், விசிறி, உன் தையல் மிஷின், எல்லாவற்றையும் அணைத்துவிடு. கையை நன்றாகத் துடைத்துக்கொள். நீ பாத்திரம் கழுவுகிற கையோடு சுவிட்ச் போடுகிறவள். அது எனக்கு இங்கே உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வருகிறது.

கடல் இப்போதே முரட்டுத்தனமாக இருக்கிறது. படகு பாறையை நெருங்குவதில்லை. தபால் பையைக் கயிற்றில் கட்டித்தான் வாங்குகிறோம், கொடுக்கிறோம். போன் இங்கே எடுப்பதில்லை. வயர்லெஸ்ஸில் கப்பல் பேச்சும் வானிலைப் பேச்சும் மட்டும்தான் பேசலாம். வீட்டுப் பேச்சு பேசியதற்காக எனக்கு முன்னால் இருந்தவரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நான் சாப்பிடுகிறேன்.

சின்னவள்


ஜூன் 9

சின்னவளுக்கு,

மீட்டர் வந்தது. மூன்று உறை போட்டு நடுவில் பஞ்சு வைத்திருந்தாய். முட்டை ஏதாவது வருகிறதா என்று தபால்காரர் கேட்டார்.

நீ சொன்னபடியே செய்தேன். எல்லாவற்றையும் அணைத்து, அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு செருகினேன். மேலே 230. கீழே 0.0. காலையிலும் பார்த்தேன், மாலையிலும் பார்த்தேன். அதே 230, அதே 0.0.

தெருமுனை எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டேன். டெஸ்டரைச் சுவரில் வைத்தார், சிவப்பாக எரிந்தது. கரண்டு ராஜா மாதிரி வருகிறது, மிஷினில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார்: "கரண்டுக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான் வோல்டேஜ் கம்மி."

நாள் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் இருமல். இருமினால் மூச்சு அடைக்கிறது. பஞ்சாலைத் தூசியை அத்தனை வருஷம் தின்ற நெஞ்சுக்குச் சிரிப்புகூட ஆடம்பரம்தான். ஆனால் சிரிக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

முக்கியமானதை ஓரத்தில் எழுதுகிறேனாம். நீ போன பிறகு எனக்கு மிஞ்சிய இடம் அந்த ஓரம்தான். நடுவெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது.

பதில் சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 13

அக்காவுக்கு,

படகு கிளம்புவதற்குள் இதைப் பையில் போட வேண்டும்.

230 என்பது நல்ல அளவு. இதைவிட நல்ல அளவு கிடைக்காது. ஆக, வீட்டுக்கு வருகிற மின்சாரத்தில் குறை இல்லை. எலக்ட்ரீஷியன் சொன்னது சரி. மிஷினை சர்வீஸுக்கு அனுப்பிவிடு. அதுவரை வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துக்கொள். உள்ளே அழுத்தம் கொடுக்கிற பாகம் தேய்ந்திருக்கலாம், அதை மாற்றினால் போதும்.

அப்பாவிடம் சொல், எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது என்று.

ஓரத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

சின்னவள்


ஜூன் 27

சின்னவளுக்கு,

மிஷின் திரும்பி வந்துவிட்டது. பழுது எதுவும் இல்லை என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் மேஜையில் விடிய விடிய ஓடியதாம், ஒரு தடவைகூடக் கூவவில்லையாம். அதைக் கொண்டுவந்த ஆள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், நான் அதைக் கிள்ளி அழவைத்தேன் என்பது மாதிரி.

இடையில் என்ன நடந்தது என்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். சிலிண்டர் ஒரு நாள் அவர்கள் சொன்னதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டர் வண்டி சந்தில் மாட்டிக்கொண்டது. அப்பாவின் நகமெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது. நான் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். காற்று இருக்கிறது சின்னவளே, அறை முழுக்கக் காற்று இருக்கிறது, அவருக்குள் போகத்தான் வழி இல்லை. விசிறி என்ன செய்யும்?

மிஷின் வந்து மாட்டிய சற்று நேரத்திலேயே கூவியது. நான் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தேன். காலை மிதியிலிருந்து எடுத்தேன், கூவுவது நின்றது. மிதித்தேன், விளக்கு மங்கியது, மறுபடி கூவியது. இதை நான் கண்ணால் பார்த்தேன். மின்சாரத்தில் குறை இல்லை என்று நீ எழுதினாய்.

நான் படிக்காதவள்தான். படித்தவளுக்கு இது தெரியாதா?

அக்கா


ஜூலை 1

அக்கா,

உன் ஜூன் 9 கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. மேலே 230, கீழே 0.0 என்று எழுதியிருக்கிறாய். நான் மேலே இருந்ததை மட்டும் படித்தேன்.

உனக்குப் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். உன் கையில் இற்றுப்போன ஒரு நூல்கண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள். கண்டில் சுற்றியிருக்கும்போது பார்த்தால் நல்ல நூல்தான். தைக்கும்போது, இழுபடும்போதுதான் அது இற்றது என்று தெரியும். மின்சாரமும் அப்படித்தான். வழியில் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்தோ கருகியோ இருந்தால் அங்கே மின்தடை, அதாவது மின்சாரத்தைப் போகவிடாமல் இழுத்துப் பிடிக்கிற குணம், ஏறிவிடும். அந்தத் தடை எத்தனை வோல்ட்டைத் தின்னும் என்பது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஆம்பியரைத் தடையால் பெருக்கினால் இழந்த வோல்ட். ஆம்பியர் பூஜ்யம் என்றால் தடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இழப்பும் பூஜ்யம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் எந்த இற்றுப்போன வீட்டிலும் 230தான் காட்டும்.

எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னது நான். உனக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் சொன்னேன். முதல் வருஷ மாணவிகூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். ஏனென்றால் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுடைய அக்காவாக இருக்காது.

இப்போது இப்படிச் செய். மீட்டரைச் சுவரில் செருகி, அதன் முகத்தில் இருக்கிற துளையில் அப்பாவின் மிஷினைச் செருகி ஓடவிடு. வேறு எதுவும் ஓடக்கூடாது. இரண்டு எண்ணையும் எழுதிக்கொள். பிறகு அதே மீட்டரில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை மாட்டி, மிஷினையும் தையல் மிஷினையும் சேர்த்து ஓடவிட்டு எழுது. அதையே சமையலறை பிளக்கிலும் செய். எல்லா அறையிலும் வோல்ட் ஒரே மாதிரி விழுந்தால், கோளாறு அறைகளில் இல்லை, அறைகளுக்குப் பிரிவதற்கு முன்னால் இருக்கிறது.

உன்னைப் படிக்காதவள் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதே இல்லை.

சின்னவள்


ஜூலை 8

சின்னவளுக்கு,

மிஷின் மட்டும்: மேலே 200, கீழே 1.5. தையல் மிஷினோடு சேர்த்து: மேலே 180, கீழே 2.5, கூடவே கூவல். சமையலறையிலும் இதே எண்கள். பக்கத்து வீட்டம்மா மீட்டரை வாங்கி அவர்கள் இஸ்திரிப் பெட்டியை மாட்டிப் பார்த்தார். அங்கே 229. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு எண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நினைத்ததில்லை.

அறைகளுக்குப் பிரிவதற்கு முன்னால் என்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கரண்டு மீட்டர் அறைதான். அதன் கதவில் கை வைத்தேன். வெந்நீர்ப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் மாதிரிச் சூடு. கருகிய ரப்பர் வாடை.

அந்தக் கதவில் இரண்டு பூட்டு தொங்குவது உனக்குத் தெரியுமோ என்னவோ. நீ போன பிறகு வந்தவை. வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி இருவருக்கும் பாகப்பிரிவினை வழக்கு. அண்ணனைக் கண்ணாடிக்காரர் என்றும் தம்பியைக் குடைக்காரர் என்றும் அப்பா கூப்பிடுவார். பொது இடங்களை இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

கண்ணாடிக்காரர் நல்ல மாதிரிதான் பேசினார். சாவியோடு வந்து சாயந்திரம் வரை படியில் உட்கார்ந்திருந்தார். குடைக்காரர் வரவில்லை. மறுநாள் அவர் கடைக்கே போனேன். "அவன் பூட்டு தொங்குற வரைக்கும் நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்றார். அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்றேன். "எனக்கு மட்டும் முட்டலையா?" என்றார்.

மின்சார அலுவலகத்துக்குப் போனேன். பூட்டிய அறையைத் திறக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். ஆனால் கதவு சூடாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால், ஆபத்து என்று கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார்களாம். "இப்பவே வேணும்னாலும் ஆள் அனுப்பறோம்" என்றார் அங்கிருந்தவர், உதவி செய்கிற குரலில். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். கரண்டு போனால் மிஷினும் போகும், இன்னொரு சிலிண்டருக்கு வாடகை கொடுக்கக் கையில் காசும் இல்லை.

பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக ஒரு வயர் கொடுத்தார். ஒரு வீட்டு மின்சாரம் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவர் கணவர் அதைச் சுருட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார்.

நீ படித்தவள், கணக்குப் போடு. நான் கதவு கதவாகப் போகிறேன்.

அக்கா


ஜூலை 12

அக்கா,

கணக்கு இதுதான். மிஷின் மட்டும் ஓடும்போது வழியில் தொலைவது 30 வோல்ட். அதை 1.5 ஆம்பியரால் வகுத்தால் 20. அந்த இணைப்பின் மின்தடை 20 ஓம். நல்ல இணைப்பில் அது ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. 30ஐ 1.5ஆல் பெருக்கினால் 45 வாட். நான் இங்கே கம்பிகளுக்கு ஈயம் பற்றவைக்கிற கோலுக்கு அந்த அளவு சூடு போதும். அந்தச் சூடு, பூட்டிய அறைக்குள், ஒரு திருகின் முனையில் உட்கார்ந்திருக்கிறது.

20 ஓம் என்றால், நீ ஓடவிடுகிற ஒவ்வொரு ஆம்பியருக்கும் 20 வோல்ட் குறையும். தையல் மிஷினும் சேர்ந்தால் 2.5 ஆம்பியர், 50 வோல்ட் போய் 180 மிஞ்ச வேண்டும். நீ எழுதியதும் 180. கணக்கு பொருந்தியபோது ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அப்பாவின் மிஷினுக்கு 190க்குக் கீழே போனால் ஆகாது. அதனால் மிஷின் ஓடும்போது நீ தைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜும் கூடாது. உன் பிழைப்பை நிறுத்தச் சொல்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்தக் கணக்கிலிருந்து எனக்கு வேறு விடை வரவில்லை.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பதிலாக ஒருவர் வந்து இறங்கினால்தான் நான் ஏறலாம். ஆள் இறங்குகிற அளவுக்குக் கடல் அடங்கவில்லை. இங்கே அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கடிதங்கள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

சின்னவள்


ஜூலை 19

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன்.

பள்ளிச் சீருடை ஆர்டர் பாதியில் நிற்கிறது. அப்பா சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது கொஞ்ச நேரம் மிஷின் இல்லாமல் இருக்க முடியும். அந்த நேரத்தில் தைப்பது, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நிறுத்தி மிஷினை மாட்டுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் சரியாகத்தான் போனது. பிறகு அவர் அந்த நேரத்தை நீட்ட ஆரம்பித்தார்.

"மாட்டிக்கோங்கப்பா" என்றால், "அந்தச் சட்டைக் கையையும் முடிச்சிடு" என்பார். "எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. நான் மிதியை மிதித்தேன். ஆமாம், மிதித்தேன். இன்னும் நாலு சட்டைதானே என்று.

வியாழக்கிழமை தையல் மிஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நூல் மாற்ற நிறுத்தியபோது, அந்த அமைதி சரியில்லாத மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உதடு சாம்பல் நிறம். என்னைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு, வெளியே வேடிக்கை பார்ப்பவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீருடைத் துணியை எல்லாம் மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி தையல் இல்லை. அதைக் கேட்டு அப்பா என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

இதற்குப் பிறகும் நேற்று மிஷின் தனியாக ஓடும்போதே கூவியது. மீட்டரைப் பார்த்தேன். 170, 1.5. வேறு எதுவும் ஓடவில்லை. விளக்குகூட இல்லை. அணைப்பதற்கு இனி வீட்டில் என்ன இருக்கிறது?

அக்கா


ஜூலை 23

அக்கா,

கதவை உடைத்துவிடு.

60 வோல்ட் தொலைகிறது. தடை 40 ஓம். பதினைந்து நாளுக்குள் இரு மடங்கு. சூடு 90 வாட். சூட்டால் இணைப்பு கருகும், கருகினால் தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு. இது தானாக நிற்காது. எவ்வளவு சீக்கிரம் என்று மட்டும் என்னால் கணக்குப் போட முடியவில்லை.

சுத்தியலை எடுத்து இரண்டு பூட்டையும் உடை. கோர்ட்டில் கேட்டால் தங்கை சொன்னாள் என்று சொல். இந்தக் கடிதத்தைக் காட்டு. உடைத்ததும் கைவைக்காதே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை நிறுத்தச் சொல், இணைப்பை வெட்டிப் புதிதாகப் போடச் சொல். சின்ன வேலை. அக்கா, அது ரொம்பச் சின்ன வேலை. நான் பக்கத்தில் இருந்தால் நீ அடுப்பில் வைத்த உலை கொதிப்பதற்குள் முடித்திருப்பேன்.

வியாழக்கிழமையைப் பற்றி நீ எழுதியதற்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ மிதித்தது என் கணக்கை வைத்துத்தான்.

படகு வெளியே நிற்பது தெரிகிறது. கயிறு வீசுகிறார்கள், எட்டவில்லை. இந்தப் பை இன்று போகுமா என்று தெரியவில்லை. உடை, உடை என்று நான் இங்கே காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சின்னவள்


ஆகஸ்ட் 1

சின்னவளுக்கு,

உடைக்கச் சொன்ன உன் கடிதம் இன்று கிடைத்தது. மீட்டர் அறை செவ்வாய்க்கிழமை மத்தியானமே தீப்பிடித்துவிட்டது.

யாருக்கும் காயம் இல்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். புகை படியேறி வந்தபோது நான் அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்க முயன்றேன். பக்கத்து வீட்டுக்காரர், வயரைச் சுருட்டினாரே அவர்தான், ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார். தெருவே மணலை அள்ளிக் கொட்டியது. கண்ணாடிக்காரரும் குடைக்காரரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் பூட்டை அவரவர் திறந்தார்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் எதிரே சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தேன்.

உள்ளே ஒரு கறுப்பு உருண்டைதான் இருந்தது. மின்சார அலுவலகத்துக்காரர்கள் கம்பத்தில் துண்டித்துவிட்டுப் போனார்கள். இரண்டு சொந்தக்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி இணைப்பார்களாம். அதற்கு முன்னால் எரிந்ததற்கு யார் பூட்டு காரணம் என்று இருவரும் வக்கீலிடம் போயிருக்கிறார்கள்.

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இங்கே கட்டிலுக்குப் பின்னால் சுவரிலிருந்தே ஆக்சிஜன் வருகிறது. குழாயைத் திருகினால் போதும். நகத்துக்கு நிறம் வந்துவிட்டது. நர்ஸிடம் வம்பு பேசுகிறார். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார், நான் கீழே துணி விரித்து அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று டாக்டர் வந்தார். நன்றாகத் தேறிவிட்டார், வீட்டில் மிஷின்தான் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள், கட்டில் வேறொருவருக்கு வேண்டும் என்றார். வீட்டில் மின்சாரம் இல்லை என்றேன். அதை நீங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஒரு அம்மா காத்திருந்தார். அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு இடத்தில் வீடு கேட்டேன். மிஷினைப் பற்றிச் சொன்னதும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று எழுது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் ஞாயிறு போய்விடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

அக்கா